கட்டைகளில் விழும் விரிசல்

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1949இல் தன் அடுக்குக் கட்டைகளை செல்லுலோஸ் அசிடேட்டில் வார்த்தது. பஞ்சையோ மரக்கூழையோ அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்யும் பிளாஸ்டிக் இது. ஈரம் பட்டால் வந்த வழியே திரும்பும்: அமிலம் பிரியும், பிரிந்த அமிலமே சிதைவை முடுக்கும். கட்டை கோணும், சுருங்கும், கடைசியில் வெடிக்கும். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வினிகர் வாடைதான் முதல் அறிகுறி. பழைய சினிமாச் சுருள்கள் பலவும் இதே பொருளால் ஆனவை, இதே வாடையோடு கெட்டவை.

1963இல் அதற்குப் பதிலாக ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வந்தது. கோணல் நின்றது, ஆனால் இதற்கும் பகை உண்டு. அதில் கலந்த ரப்பரைப் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் அரிக்க, கட்டை மஞ்சளித்து நொறுங்கும். மாதக்கணக்கில் கோத்தே வைத்த கட்டையில், கவ்வும் இடத்து இழுவிசை ஓயாது. விரிசலும் அங்கேதான் பிடிக்கும்.

கேரள மலையூரான தேவிகுளத்தில் இந்தக் கட்டைகளைச் சேர்த்து வைப்பது சோதனைதான். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்துக் குளிர் சிதைவை மந்தமாக்கும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் ஈரமோ சிதைவை முடுக்கும். இறுக மூடிய டப்பா ஈரத்தைத் தடுத்தாலும் அமில ஆவியை உள்ளேயே பூட்டிவிடும். அசிடேட் கட்டைகளை மற்றவற்றோடு கலக்காமல், காற்றாட நிழலில் வைப்பதே வழக்கம்.