கடற்பசு மேயும் புல்வெளிகள்

உயிர்ப்பல்வகைமை என்றதும் சிங்கராஜக் காடு நினைவுக்கு வருகிறது. மன்னார்க் கடலின் ஆழம் குறைந்த பகுதிகளில் விரிந்துகிடக்கும் கடற்புல் வெளிகளை நினைப்பவர்கள் குறைவு. இறாலும் நண்டும் ஒரா மீனும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கி வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். அதை மேய்வது கடற்பசு. ஆவுளியா என்றும் சொல்வார்கள்.

வளர்ந்த கடற்பசு நாளொன்றுக்கு 40 கிலோ வரை புல் தின்னும். மேய்ந்த இடத்தில் புதுத் தளிர் வரும், சாணம் எருவாகும். சுமார் 70 ஆண்டுகள் வாழக்கூடிய விலங்கு இது. ஆனால் 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரேயொரு குட்டிதான் ஈனும். எனவே ஆண்டுதோறும் சில பெண் விலங்குகள் கூடுதலாக இறந்தாலே கூட்டம் தேயத் தொடங்கிவிடும்.

முன்பு இறைச்சிக்காகவே இதைக் கொன்றார்கள். இப்போது சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வலைக்குச் சட்டம் தெரியாதே. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டிய விலங்கு, வலையில் சிக்கினால் மூச்சுத்திணறிச் சாகிறது. இழுவைமடி இன்னும் மோசம். அது கடலடியை வாரிச்செல்லும்போது புல்லும் வேரோடு பெயர்கிறது. மீன்குஞ்சுகளுக்கும் புகலிடம் இல்லாமற் போகிறது. நட்டம் எங்கள் சிறு கடற்றொழிலாளருக்கும்தான்.

இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 2022இல் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் எல்லை தாண்டி எங்கள் கடலடியை வாரும் இழுவைப் படகுகளும் அதே கரையிலிருந்துதான் புறப்படுகின்றன.