எழுதியவனுக்குக் கூலி எங்கே?

1990 மே மாதம் ஐஸ் க்யூபின் முதல் தனி ஆல்பம் 'அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்' வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 20. தலைப்பில் அமெரிக்கா என்ற பெயரை ஆங்கில 'கே' எழுத்து மூன்றைச் சேர்த்து எழுதியிருந்தார். கறுப்பின மக்களைக் கொன்று குவித்த கு க்ளக்ஸ் க்ளான் என்ற நிறவெறி அமைப்பின் பெயர்ச்சுருக்கம் அது. நாட்டின் பெயருக்குள்ளேயே அந்த வெறி உட்கார்ந்திருக்கிறது என்றார்.

இந்த ஆல்பத்தின் கோபத்தைப் பலரும் பேசுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு கூலிப் பிரச்சினை இருந்ததையும் நாம் பேச வேண்டும்.

க்யூப் அதற்கு முன் கலிஃபோர்னியாவின் என்.டபிள்யூ.ஏ. குழுவில் இருந்தார். போலீஸ் வன்முறையை எதிர்த்த அவர்களின் பாடலால் ஆத்திரமடைந்த எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர், 1989இல் ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே அனுப்பினார். குழுவின் வரிகளில் பெரும்பங்கு க்யூப் எழுதியவை. ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றும் தன் பங்கு முறையாக வரவில்லை என்று அவர் கேட்டார். நிர்வாகத் தரப்பு மறுத்தது. நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் அந்த ஆண்டின் இறுதியில் வெளியேறினார். பின்னர் வந்த பதிவுகளில் பழைய தோழர்கள் அவரைத் துரோகி என்றார்கள்.

அவர் முடங்கிவிடவில்லை. நியூயார்க் சென்று, பப்ளிக் எனிமி குழுவுக்கு இசையமைத்த பாம்ப் ஸ்குவாடுடன் சேர்ந்தார். அக்குழுவின் சக் டியும் ஒரு பாடலில் குரல் கொடுத்தார். வானொலிகள் பெரிதாக ஆதரிக்காதபோதும் சில மாதங்களிலேயே விற்பனை பத்து லட்சத்தைத் தொட்டது.

ஆனால் இந்த ஆல்பத்தில் பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் ஏராளம். ஒரு பாடலில் யோ-யோ என்ற பெண் ராப்பர் அவருக்கு நேருக்கு நேர் பதிலடி தருகிறார். அந்த ஒரு பதிலால் மற்றவை நியாயமாகிவிடாது. 1991இல் பழைய குழுவைத் தாக்கி அவர் வெளியிட்ட பாடலோ, மேலாளரை யூதர் என்பதற்காகவே வசைபாடியது. கணக்கு கேட்ட நியாயமான குரல் அங்கே இனவெறுப்பாகச் சரிந்தது.

தோழர்களே, இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. அரசை எதிர்த்துப் பாடும் குழுவுக்குள்ளும் உழைப்புச் சுரண்டல் நடக்கலாம். அங்கே கணக்கு கேட்பவர் துரோகி அல்ல. அதேபோல், சுரண்டப்பட்டவர் என்பதாலேயே பெண்களையோ இன்னொரு சமூகத்தையோ இழிவுபடுத்தும் உரிமை எவருக்கும் வந்துவிடாது.