ஸ்திரீயே என்றழைத்த ஆண்டவர்



கானாவூர்க் கலியாணத்தில் நம் ஆண்டவர் தம்மைப் பெற்ற தாயை "ஸ்திரீயே" என்று அழைத்ததை வாசிக்கையில் உங்கள் மனம் சற்றே தயங்கியதுண்டா? போவர் ஐயர் தலைமையில் 1871இல் முழுமை பெற்ற தமிழ் வேதாகமம், மூலச்சொல்லுக்கு நேராக இச்சொல்லை இட்டது. கிரேக்கத்தில் அது "குனாய்". ஓமரின் காவியத்தில் ஒதீசியு தன் அன்பு மனைவி பெனெலோப்பை விளிப்பதும் இச்சொல்லாலேயே. அதில் கடுமை இல்லை. ஆகவே 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதனை "அம்மா" என்றே பெயர்த்தது.

நம் கடிதங்களில் பெண்ணுக்குரிய மரியாதைச் சொல்லோ அவளுக்கு மணமானதா என்று கேட்டே வருகிறது. 1967இல் அண்ணா அவர்களின் ஆட்சி ஸ்ரீமதி, குமாரி என்பவற்றைத் திருமதி, செல்வி ஆக்கியது. சொல் மாறியது, கேள்வி மாறவில்லை.

சமாரியாவில் கிணற்றருகே நின்றவளை இவற்றுள் எதனால் அழைப்பீர்கள்? ஐவரை மணந்து, ஆறாமவனோடு மணமின்றி வாழ்ந்தவள் அவள். ஆண்டவரோ தம் தாயை அழைத்த அதே சொல்லால் அவளையும் அழைத்தார்.

களமருதூரில் நாற்று நடும் மூதாட்டியைப் பேரன் வயதுடையவன் "ஏய், இங்கே வா" என்கிறான். அவள் குலத்தை அறிந்தே அவன் நா அப்படிப் பேசுகிறது. நம் ஆலய முற்றத்தைப் பெருக்குகிறவளை நாம் எப்படி அழைக்கிறோம்? நானும் பல ஆண்டுகள் ஒருமையில் அழைத்தவனே. இவ்வாரம் "அம்மா" என்று அழைத்துப் பாருங்கள்.

கர்த்தர் நம் நாவைச் சுத்திகரிப்பாராக. ஆமென்.