இன நல்லிணக்க நாள் (சிங்கப்பூர்)

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மாணவரின் இன, சமய, பண்பாட்டு அடையாளங்களைப் போற்றும் வகையில் ஆண்டுதோறும் ஜூலை 21-ஐ ஒட்டிக் கடைப்பிடிக்கப்படும் நாள். 1964-இல் இதே தேதியில், நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே மூண்ட கலவரத்தை இது நினைவூட்டுகிறது. கல்வி அமைச்சு 1997-இல் தேசியக் கல்வித் திட்டத்தின் பகுதியாக இதைத் தொடங்கியது. அன்று மாணவர் சீருடைக்குப் பதிலாகச் சேலை, வேட்டி, பாஜு குரோங், சியோங்சாம் முதலிய உடைகளை அணியலாம்; நண்பரின் இன உடையில் வருவோரும் உண்டு. மரபு விளையாட்டுகளும் இடம்பெறும். அவற்றுள் ஒன்று தமிழகத்தின் ஐந்தாங்கல்லை ஒத்தது. கற்களுக்குப் பதில், மணலோ விதையோ நிரப்பித் தைத்த சிறு முக்கோணத் துணிப்பொதிகளை வீசிப் பிடிப்பர். கொண்டாட்டம் உடையோடு நின்றுவிடாமல், கலவர வரலாறும் வகுப்பறையில் பேசப்படுவது இந்நாளின் தலையாய சிறப்பு.