துணை என்ற சொல்லும் நம் தீவுகளும்

2009 மே 29 அன்று மு.க. ஸ்டாலின் தமிழகத்தின் முதல் துணை முதலமைச்சரானார். செய்தி அந்தமானுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னிடம், "தம்பி, நம்ம தீவுக்குத் துணை முதல்வர் எப்போ வருவார்?" என்றார். "முதல்ல முதல்வர் வரட்டும் அண்ணாச்சி" என்றேன். சிரித்தோம். ஆனாலும் அக்கேள்வி என்னை விடவில்லை.

அரசியலமைப்புச் சட்டத்தில் துணை முதல்வர் என்றொரு பதவியே கிடையாது. சட்டப்படி அவரும் ஓர் அமைச்சரே. முதல்வர் ஒதுக்கும் துறைகளே அவரது அதிகாரம். துணைப் பிரதமர் என்று சொல்லி 1989இல் தேவிலால் உறுதிமொழி எடுத்தது வழக்கானபோதும், 2024இல் துணை முதல்வர்களை எதிர்த்து வழக்கு வந்தபோதும், அது வெறும் பெயர்தான் என்பதே உச்ச நீதிமன்றத்தின் கருத்து.

இங்கே கதை தலைகீழ். 1956 நவம்பர் 1இல் யூனியன் பிரதேசமான இத்தீவுகளை முதலில் தலைமை ஆணையர்கள் நிர்வகித்தனர். 1982 நவம்பரிலிருந்து துணைநிலை ஆளுநர். பெயரில்தான் துணை, 239ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் சார்பில் நிர்வாகம் முழுதும் அவர் கையில். புதுச்சேரிக்கு 1963 முதல் சட்டமன்றம் உண்டு, நமக்கில்லை. நமக்கிருப்பது ஒரே மக்களவை உறுப்பினர். அவரையும் 1967 முதல்தான் நாமே தேர்ந்தெடுக்கிறோம்.

பெரியவர் இன்று இல்லை. அவர் கேட்டது பதவியை அல்ல என்று இப்போது புரிகிறது. மனுவோடு போய் நிற்கையில், நம்ம ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் எதிரே இருக்கணும் என்பதைத்தான்.