பதிவேட்டில் இல்லாத பெயர்

எம்.ஏ. முடித்துத் திருமணமாகிப் போன மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தொலைபேசியில் அழைத்தாள். ஸ்வயம் தளத்தில் தொல்லியல் அறிமுகப் பாடம் ஒன்றைக் கடைசி வாரம்வரை கேட்டு முடித்திருக்கிறாள். பிள்ளை தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. அங்கே படிக்கக் காசில்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். அவள் கட்டவில்லை. தேர்வு மையமும் வேறு ஊரில். “மேம், சர்டிபிகேட் இல்ல. ஆனா முழுசாப் படிச்சிருக்கேன். பயோடேட்டால போடலாமா?” என்றாள்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவள் கேட்டது புதிய கேள்வியும் அல்ல. படித்தவளுக்கும் பதிவேட்டில் ஏறியவளுக்கும் இடையே உள்ள தூரம், பெண்கல்வி வரலாற்றில் ஒன்றரை நூற்றாண்டாகத் தொடர்கிறது.

1870-இன் இறுதியில், அப்போது பாஸ்டன் நகரில் இயங்கிய மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) எலன் ஸ்வாலோ என்ற பெண்ணை வேதியியல் படிக்கச் சேர்த்துக்கொண்டது. அங்கே சேர்ந்த முதல் பெண் அவர்தான். கட்டணம் வேண்டாம் என்றார்கள். தன் ஏழ்மைக்கு இரங்கிச் செய்த சலுகை என்றே அவர் நினைத்தார். உண்மைக் காரணம் பிறகுதான் தெரிந்தது. கட்டணம் வாங்கினால் மாணவி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். யாராவது ஆட்சேபித்தால், ‘அவர் எங்கள் மாணவி அல்லர்’ என்று சொல்லித் தப்பிக்க நிர்வாகத்துக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. இது முன்பே தெரிந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன் என்று எலன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1873-இல் அவர் பட்டம் பெற்றது அந்த நிர்வாகத்தின் தயவால் அல்ல, தன் உழைப்பால்.

அதே 1873-இல், அதே பாஸ்டனில், அன்னா டிக்னர் என்ற பெண் ‘வீட்டிலிருந்து கற்பதை ஊக்குவிக்கும் சங்கம்’ ஒன்றைத் தொடங்கினார். அவருடைய தந்தை ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். வீடு நிறையப் புத்தகங்கள். ஆனால் ஹார்வர்டின் வகுப்பறைக் கதவு மகளுக்குத் திறக்காது. அவர் தபால்பெட்டி வழியாக வேறொரு கதவைத் திறந்தார். வரலாறு, அறிவியல், கலை, இலக்கியம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று விரும்பியதைப் படிக்கலாம். ஆண்டுக்குச் சில டாலர்கள் மட்டுமே சந்தா. புத்தகங்கள் தபாலில் இரவலாக வரும். மாதந்தோறும் மாணவி கடிதம் எழுத வேண்டும். அவளுக்கென்று அமர்த்தப்பட்ட ஆசிரியை பதில் எழுதுவார். 24 ஆண்டுகளில் 7,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இப்படிப் படித்தார்கள்.

இந்தச் சங்கத்தின் அறிவியல் பிரிவுக்கு வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? எலன் ஸ்வாலோதான். கனிம மாதிரிகளைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பினார். திரும்பி வந்த கடிதங்களில் கனிமங்கள் மட்டும் இல்லை. ஓயாத வீட்டுவேலை, உடல்நோவு, தனிமை என்று எல்லாம் வந்தன. நீர், உணவு, வீட்டுச் சுகாதாரம் ஆகியவற்றை அறிவியலாக ஆராய்ந்து மனையியல் துறைக்கு அவர் அடித்தளமிட்டதில் அந்தக் கடிதங்களுக்கும் பங்குண்டு. அந்தத் துறையே பின்னர் பெண்ணைச் சமையலறையில் நிறுத்தவும் பயன்பட்டது என்பது வேறு கதை.

சங்கத்தைப் புகழ்ந்துமட்டும் பேசிவிட முடியாது. கற்பித்த பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. வசதியுள்ள வீட்டுப் பெண்களின் ஓய்வு நேரத்தில் அது நின்றது. பட்டமும் தரவில்லை. 1896-இல் டிக்னர் இறந்தார். மறு ஆண்டே சங்கம் மூடப்பட்டது.

பட்டத்தையும் சேர்த்துக் கேட்டவர் பிரிட்டனின் ஜென்னி லீ. ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான அவர், அமைச்சராக இருந்து போராடி உருவாக்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் பாடம் நடத்தத் தொடங்கியது. நுழைவுக்கு முன்தகுதி கேட்கக் கூடாது, ஆனால் பட்டத்தின் தரம் ஓர் இம்மியும் குறையக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்தப் பல்கலைக்கழகமே 2006-இல் ‘ஓபன்லேர்ன்’ என்ற பெயரில் பல துறைகளின் அறிமுகப் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைத்தது.

அதற்கு முன்பே, 2001-இல், தன் பாடங்களை உலகுக்கு இலவசமாகத் திறப்பதாக அறிவித்திருந்தது எம்.ஐ.டி. எலனிடம் கட்டணம் வாங்க மறுத்த அதே நிறுவனம். யாரும் படிக்கலாம், பெயர்கூடப் பதிய வேண்டாம். கூடவே நிபந்தனையும் உண்டு: சான்றிதழ் கிடையாது, ஆசிரியரோடு தொடர்பும் கிடையாது. இது பெரிய கொடைதான், மறுக்கவில்லை. ஆனால் எலன் கதையைப் படித்தவளுக்கு அந்த நிபந்தனை நெருடும். படிக்கலாம், ஆனால் நீ எங்கள் மாணவி அல்ல.

2012-க்குப் பிறகு ஒரே பேராசிரியர் லட்சம் பேருக்குக் காணொலியில் பாடம் நடத்தும் படிப்புகள் பெருகின. 2013-இல் ‘ஃபெம்டெக்நெட்’ என்ற பெண்ணியக் கூட்டமைப்பு அதற்கு மாற்று ஒன்றைச் செய்து பார்த்தது. பொதுவான கருப்பொருளை எடுத்துக்கொண்டு, பல கல்லூரிகளில் அவரவர் ஆசிரியர் அவரவர் மாணவருடன் உரையாடிக் கற்பது. டிக்னரின் கடிதமுறை நமக்கு நினைவு வருகிறது.

இலவசப் படிப்பில் சேர்பவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்று குறை சொல்கிறார்கள். முடிக்காதவள் எந்த வாரத்தில் நின்றாள், அந்த வாரம் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பணம் வேண்டாம் என்பதோடு இலவசம் முடிந்துவிடுகிறது. படிக்க ஒரு மணிநேரமும், எழுதினால் பதில் சொல்ல ஒருவரும் பெண்ணுக்கு இன்னும் இலவசமாகக் கிடைக்கவில்லை.

மறுநாள் நானே அவளை அழைத்தேன். “போடு. பாடத்தின் பெயரையும் ஆண்டையும் தெளிவாக எழுது. சான்றிதழ் பெறவில்லை என்பதையும் எழுது. படித்ததை மறைக்காதே” என்றேன். அடுத்த பாடத்துக்கு வாரம் ஒரு பக்கம் எனக்கு எழுதி அனுப்பச் சொன்னேன்.

ஞாயிறு இரவு பத்தரைக்கு மேல் அவளிடமிருந்து வருகிறது. திங்கள் காலை முதல் வகுப்புக்கு முன் பதில் எழுதிவிடுகிறேன்.