ஒரு பாஸ்போர்ட்டின் மூன்று தலைமுறை

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்திருந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. "சார், எங்களோடு வேலை செய்கிற ஐரோப்பாக்காரர் நினைத்த நாட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். நாங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, ஓட்டல் புக்கிங் என்று கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். அவர்கள் அப்படி என்ன ஒசத்தி?"

ஸ்பெயின் நாட்டை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம். இன்று ஸ்பெயின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முன்கூட்டி விசா வாங்காமல் 180-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் போகலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போக அவருக்குப் பாஸ்போர்ட்கூட வேண்டாம், அடையாள அட்டை போதும். இந்தியாவுக்கு வர மட்டும் அவரும் இ-விசா எடுக்க வேண்டும். ஆனால் இந்த ஸ்பானியரின் தாத்தா எப்படி எல்லை தாண்டினார் என்று பார்த்தால் கதை வேறு.

1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1939 ஜனவரியில் ஜெனரல் பிராங்கோவின் படை பார்சிலோனாவைப் பிடித்தது. குடியரசின் பக்கம் நின்றவர்கள் குளிர்காலத்தில் பிரனீஸ் மலை எல்லையை நோக்கி நடந்தார்கள். முதலில் பிரான்ஸ் கதவைத் திறக்கவில்லை. ஜனவரி 28 அன்றுதான் பெண்கள், குழந்தைகள், காயம்பட்டவர்களை உள்ளே விட்டது. பிப்ரவரி 5 அன்று போர்வீரர்களையும் விட்டது. சில வாரங்களில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் எல்லை தாண்டினார்கள். அவர்களில் பலரை அர்ஜெலெஸ் போன்ற கடற்கரைகளில் முள்வேலிக்குள் அடைத்தார்கள். ஆரம்ப நாட்களில் அங்கே கூரைகூடக் கிடையாது. மணலைத் தோண்டி அதற்குள் படுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தோடு வயதான தாயை அழைத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர் அந்தோனியோ மச்சாதோ, ஸ்பெயினின் பெரும் கவிஞர். எல்லைக்கு அப்பால் கோலியூர் என்ற சிற்றூரில் பிப்ரவரி 22 அன்று இறந்தார். மூன்று நாளில் தாயும் இறந்தார்.

இவர்களுக்கு யார் இடம் கொடுத்தார்கள்? மெக்சிகோவின் அதிபர் லாசரோ கார்தெனாஸ் கொடுத்தார். 'சினாயா' என்ற கப்பல் சுமார் 1,600 பேரோடு 1939 ஜூன் 13 அன்று வெராகுரூஸ் துறைமுகத்தில் போய் நின்றது. சிலி நாட்டுக்காகக் கவிஞர் பாப்லோ நெருடா 'வின்னிபெக்' என்ற கப்பலை ஏற்பாடு செய்தார். இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் அதில் போய் வல்பரைசோ துறைமுகத்தில் இறங்கினார்கள். ஒரு நாட்டின் அரசு 'வரலாம்' என்று கையெழுத்துப் போட்டதால் அவர்கள் பிழைத்தார்கள். அந்தக் கையெழுத்து கிடைக்காதவர்கள் முகாமிலேயே கிடந்தார்கள்.

நாட்டுக்குள்ளேயே இருந்தவர்களுக்கு வெளியே போவது இன்னும் கடினம். பிராங்கோ காலத்தில் பாஸ்போர்ட் என்பது உரிமையாக இருக்கவில்லை. அரசு பார்த்துக் கொடுக்கும் சலுகையாக இருந்தது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்குச் செல்லாது என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். மணமான பெண்ணுக்குக் கணவர் சம்மதம் தர வேண்டும். மணமாகாத பெண் 'சமூக சேவை' என்ற பெயரில் அரசு நடத்திய ஆறு மாதப் பணியை முடித்ததற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். கணவர் அனுமதி என்ற சட்டம் நீங்கியது 1975 மே மாதத்தில். என் வகுப்பில் படித்த பெண் பிள்ளைகளே, இது ஏதோ பழங்காலம் என்று நினைக்காதீர்கள். அப்போது நான் பள்ளி மாணவன்.

அனுமதி கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? கானரித் தீவுகளிலிருந்து திருட்டுத்தனமாகப் படகேறினார்கள். போருக்குப் பின் அங்கே பஞ்சம், வேலை இல்லை. 1949-இல் 'எல்விரா' என்ற பழைய பாய்மரப் படகில் நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வெனிசுவேலா போய்ச் சேர்ந்தார்கள். கையில் விசா இல்லை. அப்படிப் பல படகுகள் போயின. கரை சேர்ந்த பலரை அந்நாட்டு அதிகாரிகள் பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்தார்கள்.

இன்று செய்தியில் அதே கானரித் தீவுகளின் பெயர் அடிபடுகிறது. செனகல், மொரித்தானியா கரைகளிலிருந்து மரப்படகுகளில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். 2024-இல் மட்டும் 46,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கடலும் அதே கடல், பசியும் அதே பசி. படகு போகும் திசைதான் மாறியிருக்கிறது.

1960-இல் மேற்கு ஜெர்மனி ஸ்பெயினோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்களை ரயிலேற்றினார்கள். பிரான்சுக்குச் சுற்றுலாப் பயணி என்று சொல்லிப் போய் வேலையில் ஒட்டிக்கொண்டவர்கள் ஏராளம். 1973 வரை சுமார் 20 லட்சம் ஸ்பானியர்கள் இப்படி ஐரோப்பாவின் பிற நாடுகளுக்குப் போனார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சுவிட்சர்லாந்தில் பருவகாலத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் ஒன்பது மாத அனுமதி. குடும்பத்தை அழைத்து வரக் கூடாது. பிரிந்திருக்க முடியாமல் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் அவர்களை வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்தார்கள். சத்தம் போடாதே, ஜன்னல் பக்கம் போகாதே என்று சொல்லி வளர்த்தார்கள். இத்தாலிய, போர்த்துக்கீசியக் குழந்தைகளும் அங்கே அப்படித்தான் வளர்ந்தார்கள்.

வளைகுடாவில் குடும்ப விசா கிடைக்காமல் பிள்ளைகளின் முகத்தைப் போனில் பார்த்துக் காலம் தள்ளிய நம் ஊர் அப்பாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏக்கம் ஸ்பானியருக்கும் தெரியும்.

பிறகு எப்படி மாறியது? 1975 நவம்பர் 20 அன்று பிராங்கோ இறந்தார். 1978 அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, குடிமக்கள் நாட்டை விட்டுப் போகவும் திரும்பி வரவும் உரிமை உண்டு, அரசியல் காரணத்துக்காக அதைத் தடுக்க முடியாது என்று சொன்னது. 1986-இல் ஐரோப்பியச் சமூகத்தில் ஸ்பெயின் சேர்ந்தது. ஷெங்கன் ஒப்பந்தத்தில் 1991-இல் கையெழுத்திட்டது, 1995 மார்ச் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தாத்தா பனியில் நடந்து போய்க் காத்திருந்த அந்த எல்லையைப் பேரன் காரை நிறுத்தாமல் கடந்தான்.

இந்த மூன்று தலைமுறையில் ஸ்பானியரின் அறிவோ உழைப்போ நேர்மையோ திடீரென்று கூடிவிடவில்லை. ஜனநாயகம் வந்தது, வருமானம் உயர்ந்தது, அண்டை நாடுகளோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. அவ்வளவுதான். பாஸ்போர்ட்டின் பலம் அரசுகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்வது. அதை வைத்திருப்பவரின் தகுதிக்கு மதிப்பெண் போடுவது அதன் வேலை இல்லை.

அந்தப் பலமும் நிரந்தரம் கிடையாது. மாட்ரிட் விமான நிலையத்தில் பிரேசில்காரர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற கோபத்தில், பிரேசில் 2012 ஏப்ரலில் ஸ்பானியர்களுக்கும் அதே நிபந்தனைகளைப் போட்டது. திரும்பும் டிக்கெட் எங்கே, தங்கும் இடம் எங்கே, செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்டது. இரண்டு மாதத்தில் இரு நாடுகளும் உட்கார்ந்து பேசின. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, 2025 ஏப்ரல் முதல் அங்கே போகும் ஸ்பானியரும் கட்டணம் கட்டி முன் அனுமதி பெற வேண்டும். அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போகிறவர்தான், 2021 ஜனவரி 12-க்குப் பிறகு ஒருமுறை கியூபாவுக்குச் சுற்றுலா போய் வந்திருந்தால் அந்தச் சலுகை போய்விடும். தூதரக நேர்காணலுக்கு அவரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு வரிசையும் இருந்தது. 2022-இல் ஸ்பெயின் கொண்டுவந்த ஜனநாயக நினைவுச் சட்டம், அன்று நாட்டை விட்டு ஓடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியுரிமை கேட்க வழி செய்தது. அர்ஜென்டினா, கியூபா, மெக்சிகோ போன்ற நாடுகளிலிருந்து லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடி, அவர் பிறந்த கிராமத்துக்கெல்லாம் கடிதம் போட்டார்கள். முள்வேலிக்குள் மணலில் படுத்தவர்களின் பேரன்களுக்கு, தாத்தாவின் ஊர்ப்பெயர் எழுதிய அந்தக் காகிதமே கதவைத் திறந்தது.

கடைசியாக இரண்டு விஷயம். விசா மறுக்கப்பட்ட பிள்ளைகளே, அந்தக் காகிதத்தை உங்கள் மதிப்பெண் பட்டியலாக எடுத்துக்கொண்டு மனம் உடையாதீர்கள். வெளிநாட்டில் குடியுரிமை வாங்கி நன்றாக இருக்கிற பிள்ளைகளே, படகில் வருகிறவர்களைக் கேலி செய்து வரும் வாட்ஸ்அப் செய்தியை உறவினர் குழுவில் அனுப்புவதற்கு முன், அதில் ஆப்பிரிக்கர் என்று இருக்கும் இடத்தில் ஸ்பானியர் என்று போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் சிலோன், பர்மா, மலேயா போய் வந்தவர்களின் பழைய பாஸ்போர்ட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வையுங்கள்.